மறுகரை பாக்கப் போன ஆவுடை

ஒரு ஊர்ல ஒரு ஆவுடை இருந்தா. சங்கரன்கோயில்ல எறங்கி, அதுக்கப்புறம் ரெண்டு பஸ் மாறிப் போகணும், அப்படி ஒரு ஊரு. அங்க மேடும் கெடையாது, பள்ளமும் கெடையாது. தோசைக்கல்லு மாதிரி தட்டையாக் கெடக்கும். ஊர்லயே ஒசரமானது தண்ணித் தொட்டிதான். அதுல ஏறுனா பஞ்சாயத்து ஆளு வந்து வைவாரு.

ம் கொட்டு. கொட்டுனாத்தான் கதை நகரும்.

“ம்.”

ஆவுடைக்கு ஒரு மதினி இருந்தா. புருசனோட அக்கா. பேரு பிரம்மு. அந்தத் தெருவுலயே சென்னைப் பட்டணத்துக்குப் போயிட்டு வந்த ஒரே பொம்பளை அவதான். எப்பவோ நாப்பது வருசத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போனா. ஆனா நேத்துப் போயிட்டு வந்த மாதிரியே பேசுவா. யாராவது தேங்கா வாங்குனா, “பட்டணத்துல இத விடப் பெருசு”ம்பா. யாருக்காவது தும்மல் வந்தா, “பட்டணத்துல இப்படிச் சத்தமாத் தும்ம மாட்டாங்க”ம்பா.

அப்புறம் ஒருநாள் குழாயடியில சொன்னா, “அங்க கடக்கரையில ஒரு வெளக்குக் கோபுரம் இருக்கு. அதுல மேல ஏறிட்டேன்னு வையி, கடலோட மறுகரை தெரியும். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

ஆவுடைக்குச் சிரிப்பு தாங்கல. “கடலுக்கு ஏது மதினி மறுகரை? அது என்ன நம்ம ஊர்க் கம்மாயா?”

“நீ போய்ப் பாத்தியா?”

“போகல.”

“அப்பப் பேசாத.”

இந்த ‘அப்பப் பேசாத’ ஆவுடைக்கு நறுக்குன்னு குத்திருச்சு. அங்கேயே பந்தயம் கட்டுனாங்க. ஆவுடை போய்ப் பாத்துட்டு வரணும். மறுகரை தெரிஞ்சா, ஆவுடை ஒரு மாசத்துக்கு மதினி வீட்டுக்குத் தண்ணி சொமக்கணும். தெரியலைன்னா, மதினி ஆவுடை வீட்டுக்குச் சொமக்கணும். தெருவே சாட்சி.

“பொய் சொன்னா?”ன்னு ஒருத்தி கேட்டா.

“ஆவுடை பொய் சொல்ல மாட்டா”ன்னு சொன்னது யாரு தெரியுமா? மதினிதான்.

“ம்.”

அப்புறம் ஆவுடை பருத்தி எடுக்கப் போய்ப் போய்க் கொஞ்சம் காசு சேத்தா. கொஞ்சம்னா கொஞ்சந்தான். போற ரயிலுக்கு டிக்கெட் எடுத்தது போக, மிச்சத்த முந்தானையில மூணு முடிச்சுப் போட்டா. ஒரு முடிச்சு, திரும்பி வர்ற ரயிலுக்கு. ஒரு முடிச்சு, வெளக்குக் கோபுரத்துல ஏறுறதுக்கு. ஒரு முடிச்சு, சோத்துக்கு. நாலாவது முடிச்சுப் போட முந்தானையில எடம் இருந்துச்சு, காசுதான் இல்ல.

அப்போ ரயிலு, கடகட கடகட, கடகட கடகடன்னு போயி, விடிஞ்சதும் எழும்பூர்ல எறக்கி விட்டுச்சு. ஆவுடை பிளாட்பாரத்துல நின்னு பாத்தா, எல்லாரும் ஓடுறாங்க. எதுக்கு ஓடுறாங்கன்னு தெரியல. இருந்தாலும் மரியாதைக்கு இவளும் கொஞ்சம் ஓடுனா.

வெளிய வந்தா பஸ்ஸு. பட்டணத்துல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் சும்மான்னு ஊர்லயே சொல்லி அனுப்பியிருந்தாங்க. அவளும் ஒரு பஸ்ஸுல ஏறி ஜம்முன்னு உக்காந்தா. கண்ணாடி போட்ட பஸ்ஸு. உள்ள சில்லுனு இருந்துச்சு. சும்மாவும் கொடுத்து, குளிரவும் வைக்கிறாங்களே, இந்தப் பட்டணத்துக்காரங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நெனச்சா.

கண்டக்டர் வந்தாரு. “டிக்கெட்.”

“பொம்பளைக்குச் சும்மாதானய்யா?”

“அது சாதா பஸ்ஸும்மா. இது ஏசி பஸ்ஸு.”

அவ்வளவுதான். சோத்து முடிச்சு அவுந்துருச்சு. வேற ஆளா இருந்தா அழுதிருப்பா. ஆவுடை என்ன பண்ணுனா தெரியுமா? “காசு கொடுத்தாச்சு, குளிர விடக் கூடாது”ன்னு அடுத்த சீட்டு, அதுக்கடுத்த சீட்டுன்னு மாறி மாறி உக்காந்து, எந்த ஓட்டையில காத்து நல்லா வருதோ அங்க மூஞ்சியக் கொண்டுபோய் வச்சுக்கிட்டா. எறங்குறப்ப அவ மூக்கு ஐஸ் மாதிரி இருந்துச்சு. வயிறுதான் ‘கொர்ர்’ருன்னுச்சு.

“ம்.”

எறங்கி எங்க போனா? சித்தி மக மாரிச்செல்வி வீட்டுக்கு. மூணாவது மாடி. கதவு தொறந்ததும் இட்லி ஆவி குப்புன்னு வந்துச்சு. சாம்பார்ல பெருங்காயம் மெதக்குற வாசம். மாரிச்செல்வி ஒரு கையில சீப்பு, ஒரு கையில வண்டிச் சாவி, வாயில ஹேர்பின்.

“அக்கா! வாங்க வாங்க! சாப்டீங்களா?”

“ஆச்சு ஆச்சு. இப்பத்தான், வயிறு முட்ட”ன்னா ஆவுடை.

ஏன் அப்படிச் சொன்னா? அவ ஊரு வழக்கம் அது. அங்க ஒருத்தர் வீட்டுக்குப் போனா மொதத் தடவை கேக்குறப்ப ‘ஆச்சு’ன்னு சொல்லணும். ரெண்டாவது தடவை ‘அட சும்மா ஒரு வாய்’ம்பாங்க, அப்ப ‘அய்யோ எடமே இல்ல’ன்னு சொல்லணும். மூணாவது தடவை கையப் புடிச்சு இழுப்பாங்க. அப்பத்தான் ‘சரி, நீங்க சொல்றீங்களேன்னு’ன்னு உக்காரணும். உக்காந்து எட்டு இட்லி சாப்பிடணும். மொதத் தடவையே உக்காந்தா, அலைஞ்சவன்னு பேரு. மூணாவது தடவையும் மாட்டேன்னா, திமிரு புடிச்சவன்னு பேரு. ரெண்டு தடவை பொய் சொல்லலாம், மூணாவது தடவை உண்மையச் சொல்லிரணும்.

ஆவுடை ரெண்டாவது தடவைக்குக் காத்துக்கிட்டு நின்னா.

மாரிச்செல்வி, “அப்பாடா, நல்லதாப் போச்சு. எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சுக்கா. வாங்க, கீழ வரைக்கும் சேந்து போகலாம்”ன்னு கதவச் சாத்திப் பூட்டுனா. டொக்.

ஆவுடை பூட்டப் பாத்தா. பூட்டு ஒண்ணுமே சொல்லல.

சிரிக்காத. அவளுக்கு எவ்வளவு பசி தெரியுமா? சரி, சிரி.

அப்புறம் ஆவுடை நடந்தா. எங்க போறதுன்னாலும் நடைதான். நடக்குற வழியில பூமிக்கு அடியில ஒரு ரயில் ஸ்டேஷன். என்னன்னு பாக்கக் கீழ எறங்குனா, அங்க ஒரு படிக்கட்டு, தானா மேல போயிட்டே இருந்துச்சு. கிர்ர்ர்ர்ருன்னு. ஆளு நிக்குது, படி போகுது. ஆவுடை ஒரு காலத் தூக்கி வச்சா, எடுத்தா. வச்சா, எடுத்தா. பின்னாடி ஒரு காலேஜ் பொண்ணு, “ஆன்ட்டி, கண்ண மூடிட்டு வைங்க”ன்னா. கண்ண மூடி வச்சா. தொறந்து பாத்தா மேல நிக்கிறா! மறுபடியும் சாதாப் படியில தபதபதபன்னு கீழ எறங்கி, மறுபடியும் கிர்ர்ர்ர்ருன்னு மேல போனா. மூணு தடவை போனா. நாலாவது தடவை அங்க நின்ன காவலுக்கார அண்ணாச்சி கேட்டாரு, “எங்கம்மா போகணும்?”

“மேல”ன்னா.

“மேல போயி?”

“கீழ.”

அவரு மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை பாத்தாரு. “சரி, போங்க”ன்னுட்டாரு.

“ம்.”

ஏறி எறங்குனதுல வயிறு இன்னும் காலி. மணி பன்னெண்டு. மயிலாப்பூர்ல ஒரு கோயில்ல மதியம் அன்னதானம் போடுவாங்கன்னு வழியில ஒரு பூக்காரம்மா சொன்னா. ஆவுடை விறுவிறுன்னு நடந்து போயி வரிசையில நின்னுட்டா. நீள வரிசை. உள்ளருந்து சாம்பார் சாதம் வாசம். இவளுக்கு முன்னாடி பத்துப் பேரு, அப்புறம் அஞ்சு பேரு, அப்புறம் ரெண்டு பேரு. ஒரு பெரியவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆளுகள எண்ணி உள்ள விட்டுட்டு இருந்தாரு. ஆவுடைகிட்ட வந்தாரு. பக்தியா ஒரு சிரிப்புச் சிரிச்சாரு.

“வாங்கம்மா. சாப்பாடாச்சா?”

ஆவுடை வாயி, அவளக் கேக்காமலே, “ஆச்சுங்க, ஆச்சு”ன்னுருச்சு.

“ஆச்சா? ரொம்ப சந்தோசம். அப்ப கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. அடுத்த ஆளு வாங்க, கடைசி எல ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

ஒதுங்கி நின்னா. தன் வாயத் தானே ஒரு அடி போட்டுக்கிட்டா. பொட். “ஆச்சாம்ல, ஆச்சு! என்னத்தடி ஆச்சு?”ன்னு தன்னையே வைதுக்கிட்டா. வைய வையச் சிரிப்பு வேற வந்துருச்சு. அன்னதான வரிசையில போய் நின்னுக்கிட்டு ஆச்சுன்னு சொன்னவ ஒலகத்துலயே இவ ஒருத்தியாத்தான் இருப்பா.

அப்போ நேரா கடக்கரைக்கு நடந்தா. வெயிலு. மணலு. அந்தா நிக்குது வெளக்குக் கோபுரம்! செவப்பும் வெள்ளையுமா, பட்டை பட்டையா. மத்தியானம் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், அப்புறம் தொறந்தா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குந்தான்னு போர்டு மாட்டியிருந்துச்சு. அது தொறக்குறதுக்குள்ள கடல்ல கால நனைப்போம்னு போனா. அங்க ஒரு பஜ்ஜிக் கடை. மொளகா பஜ்ஜி. சொர்ர்ர்ருன்னு எண்ணெயில விழுந்து, பொன்னு நெறமா மெதந்து வந்துச்சு.

அவ கை முந்தானைக்குப் போச்சு. ஒரு முடிச்சு ரயிலு. அதத் தொட முடியாது. இன்னொரு முடிச்சு கோபுரம். அதத் தொட்டா மூணு பஜ்ஜி கெடைக்கும். ஆனா மூணு பஜ்ஜியத் தின்னுட்டு ஊருக்குப் போயி, ‘ஏறல மதினி, பஜ்ஜி சாப்டேன்’னு சொல்ல முடியுமா? ‘அப்பப் பேசாத’ம்பா. ஆயுசுக்கும் பேச முடியாது.

ஆவுடை பஜ்ஜிக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டா. முதுகுக்கும் வாசம் தெரிஞ்சுச்சு. உக்காந்தபடியே கொஞ்சம் கண்ணசந்துட்டா. முழிச்சுப் பாத்தா வெயிலு மஞ்சளா மாறியிருந்துச்சு.

“ம்ம்.”

தூக்கம் வருதா? கொஞ்சம் இரு, கோபுரம் வந்துருச்சு.

ஓட்டமும் நடையுமா வந்து, முடிச்ச அவுத்து, சீட்டு வாங்கிட்டா. மணி நாலே முக்காலு. கோபுரத்து வாசல்ல காக்கி போட்ட ஒரு அம்மா நின்னாங்க. பேரு ரெஜினா. நல்ல வாட்டசாட்டம். மேல போற லிஃப்டுக்கு அவங்கதான் அதிகாரி. ஆவுடை சீட்ட நீட்டுனா. நீட்டுறப்பவே தல கிறுகிறுன்னு சுத்தி, செவத்தப் புடிச்சுக்கிட்டா.

“இன்னாமே, தல சுத்துதா? இந்த நெலமையில மேல போனே, தொம்முனு வுழுந்துடுவே. போன வாரம் ஒருத்தி பசி மயக்கத்துல வுழுந்தா, நான்தான் தூக்கினு வந்தேன். பசியோட வர்றவங்கள நான் வுட மாட்டேன். ஆமா, நீ துன்னியா?”

ஆவுடை திரும்பிப் பின்னாடி பாத்தா. யாருமில்ல. “துன்னியாவா? அந்தப் பேர்ல யாரும் என்கூட வரலம்மா. நான் ஒத்தையிலதான் வந்தேன்.”

“யம்மா தாயே, துன்னியான்னு கேக்குறேன்!”

“எனக்குத் துன்னியாவத் தெரியாதும்மா. எங்க தெருவுல ஒரு தாணுவம்மா இருக்கா, அவளச் சொல்றீங்களா?”

ரெஜினா ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் கைய வாய்கிட்டக் கொண்டுபோயி உருண்டை உருட்டிக் காட்டி, “சாப்டியா! சோறு! சாப்டியாமே நீ?”ன்னு கத்துனாங்க.

ஆவுடைக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அவ ஊர்ல மாடுதான் திங்கும், மனுசங்க சாப்பிடுவாங்க. அதனால அவ காதுல அது ஏறவே இல்ல. வாய் வழக்கம்போல ‘ஆச்சு’ன்னு கெளம்புச்சு. ‘ஆ’ வரைக்கும் வந்துருச்சு. அங்க நிறுத்திட்டா.

ஏன்னு கேளு.

“ஏன்?”

எண்ணிப் பாத்தா. துன்னியா, ஒண்ணு. துன்னியா, ரெண்டு. சாப்டியா, மூணு! மூணாவது தடவை கேட்டாச்சு! இந்தப் பட்டணத்துல ஒரே ஆளு மூணு தடவை கேட்டாச்சு. இனிமே பொய் சொல்லக் கூடாது. ஆனா உண்மையச் சொன்னா மேல விட மாட்டாங்க. சீட்டு வாங்கியாச்சு. கடைசித் தடவை லிஃப்டு மேல போக இன்னும் பத்தே நிமிசம். மறுகரை மேல இருக்கு. ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

ஆவுடை ரெஜினா மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, “இல்ல”ன்னா. ரொம்பச் சின்னச் சத்தமா. சாப்டியான்னு கேட்டதுக்கு அந்த வார்த்தைய அவ வாயி அதுக்கு முன்னாடி சொன்னதே இல்ல.

“இன்னா?”

“இல்லம்மா. காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல. பச்சத் தண்ணிதான்.”

“அட கஸ்மாலம்”னு சொல்லிக்கிட்டே ரெஜினா ஸ்டூலுக்கு அடியில இருந்து ஒரு டப்பாவ எடுத்தாங்க. “குந்து. இன்னும் பத்து நிமிசம் கீது. லிஃப்டு நான் சொன்னாத்தான் நகரும். துன்னு.”

இந்தத் ‘துன்னு’ ஆவுடைக்கு நல்லாவே வெளங்குச்சு. டப்பாவுல மூணு தோசை. பக்கத்துல கொழகொழன்னு ஒண்ணு.

“இது என்னதும்மா?”

“வடகறி. வடை மாதிரி சுட்டு, உதுத்து, கொழம்புல போடுறது.”

“நல்ல வடைய ஏம்மா ஒடச்சீங்க?”ன்னு கேட்டுக்கிட்டே ஒரு வாய் வச்சா. வச்சவ அப்புறம் பேசல. லபக். லபக். லபக். வடைய ஒடச்சவனக் கும்பிடலாம்னு தோணுச்சு.

“இன்னொன்னு வெக்கவா?”ன்னாங்க ரெஜினா.

“வேண்டா...”ன்னு ஆரம்பிச்சவ, சட்டுன்னு நாக்கக் கடிச்சுக்கிட்டா. “வைங்க”ன்னா.

ரெஜினா சிரிச்சாங்க. “ஏம்மே, துன்ட்டேன்னு பொய் சொல்லிட்டு மேல போயிருக்கலாம்ல?”

“மூணாவது தடவை கேட்டுட்டீங்களேம்மா”ன்னா ஆவுடை. ரெஜினாவுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவங்க சோறு போட்டா விசாரிக்கிற ஆளு இல்ல.

“ம்...”

அப்புறம் லிஃப்டு. ரெஜினாவும் கூடவே ஏறுனாங்க. கதவு சாத்துச்சு. ஙொய்ய்ய்ங்குனு மேல போச்சு. தோசை கீழயும் ஆவுடை மேலயும் போற மாதிரி இருந்துச்சு. கதவு தொறந்துச்சு. அப்புறம் கொஞ்சம் படி. அப்புறம் காத்து! ஹோன்னு அடிச்சுச்சு. சேலை பறக்குது, முடி பறக்குது, முந்தானையில மிச்சமிருந்த ஒத்த முடிச்சு படபடன்னு ஆடுது. கீழ பட்டணம் முழுசும் சோளப்பொரியக் கொட்டுன மாதிரி கெடக்கு. பஸ்ஸெல்லாம் எறும்பு. ஆவுடை அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா. தல கிறுகிறுன்னுச்சு. பசிக் கிறுகிறுப்பு இல்ல. வேற கிறுகிறுப்பு. அவ ஆயுசுல அவ்வளவு ஒசரத்துல இருந்து எதையும் பாத்ததில்ல. சிரிச்சா. எதுக்குன்னு தெரியல, சிரிச்சா.

அப்புறம் கடலப் பாத்தா.

நீலம். நீலம். நீலம். அதுக்கு அங்கிட்டு, ரொம்பத் தூரத்துல, அடிமட்டம் வச்சுக் கிழிச்ச மாதிரி நேரா ஒரு கோடு.

ஆவுடைக்குப் பக்குன்னுச்சு. “அம்மா! அந்தா தெரியுதே, கோடு. அதுதான் மறுகரையா?”

“எது? அதுவா? அது வானம்மே. கடலு முடிஞ்சு வானம் ஆரம்பிக்குற எடம். பத்து வருசமாப் பாக்குறேன், ஒரு கரையும் கெடையாது.”

ஆவுடை கோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அவ ஜெயிச்சுட்டா. ஆனா அந்தக் கோட்டப் பாக்கப் பாக்கக் கரை மாதிரியேதான் இருந்துச்சு. பக்கத்துல ரெஜினா இல்லாம இருந்திருந்தா அவளும் கரைன்னுதான் சொல்லியிருப்பா. மதினிகிட்ட அன்னைக்கு யாரும் இது வானம்னு சொல்லல. அவ்வளவுதான்.

அப்போ மணி அஞ்சடிச்சுச்சு. எறங்கிட்டாங்க.

ரயிலு, கடகட கடகட. மறுநாள் காலையில ஊரு. இவ பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள மதினி குடத்தோட வந்து நிக்கிறா. தெருவே நிக்குது.

“என்ன? மறுகரை தெரிஞ்சுதா?”

“கோடு தெரிஞ்சுது மதினி.”

“நேராவா?”

“நேரா.”

“நீலத்துக்கு அங்கிட்டா?”

“அங்கிட்டுத்தான்.”

மதினி குடத்தக் கீழ போட்டுட்டா. டங்! “அதேதான்! அதேதாண்டி! நாப்பது வருசமாச் சொல்றேன், ஒருத்தரும் நம்பல!”ன்னு ஆவுடையோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுக் குதிக்கிறா. அறுவது வயசுப் பொம்பளை, தெருவுல, பச்சப்புள்ள மாதிரி.

“ஆனா மதினி, அது கரை இல்லியாம். வானமாம்.”

“யாரு சொன்னா?”

“ரெஜினாம்மா. காக்கிச் சட்டை. பத்து வருசமாப் பாக்குறாங்க.”

“வானத்துக்கும் ஒரு கரை இருக்கும்ல? அதத்தான் சொன்னேன்.”

“நீங்க கடலுக்குன்னு சொன்னீங்க.”

“கடலுக்குத்தான் சொன்னேன், அது அங்கதானே முடியுது? முடியுற எடத்துக்குப் பேரு என்ன? கரை!”

“அப்ப அதுக்கு அங்கிட்டு எறங்கி நிக்க முடியுமா?”

“நீ ஏண்டி அங்க போய் நிக்கணும்? உனக்கு இங்க நிக்க எடமில்லியா?”

இப்படியே ரெண்டு பேரும் பேசுறாங்க, பேசுறாங்க. காத்து எப்படி அடிச்சுச்சு, சேலை எப்படிப் பறந்துச்சு, பஸ்ஸு எறும்பு மாதிரியா மூட்டப்பூச்சி மாதிரியா. தெருவும் வாயத் தொறந்து கேட்டுக்கிட்டு நிக்குது. தண்ணி வந்து அரை மணி நேரமாச்சுன்னு யாருக்கும் நெனப்பில்ல. கடைசியில ஒருத்தி ஓடிப்போய்க் குழாயத் திருகுனா.

புஸ்ஸ்ஸ்ஸ்.

காத்துதான் வந்துச்சு.

மதினி ஆவுடையப் பாத்தா. ஆவுடை மதினியப் பாத்தா. தெருவுல இருந்த குடமெல்லாம் காலி. அன்னைக்குத் தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் தண்ணி இல்ல. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல தண்ணித் தொட்டி மேல உக்காந்திருந்த காக்கா அத்தனையும் படபடன்னு பறந்து போயிருச்சு.

ம் எங்க?

காணோம்.

சரி. குழாயும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. நீ தூங்கு.